சக்கரத்துக்கு நிறம் சொன்னவள்

நான் இதுவரை ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தொட்டுப் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்குள் அப்படி ஒரு கார் வந்தால் முதல் வேகத்தடையிலேயே அடிவயிறு தட்டி நின்றுவிடும். ஆனால் ஷார்ஜாவில் ஒரு காலத்தில் ஓடிய எத்தனையோ ஸ்போர்ட்ஸ் கார்களின் சக்கரங்களுக்கு என்ன நிறம் அடிப்பது என்று முடிவு செய்தவள் நான்தான். முத்துப்பேட்டைக்குப் பக்கத்து ஊரில், முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்றபடி, ஒரு கையில் போனும் மறு கையில் கரண்டியுமாக. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட முடியாத ஒரு காரியம் இதில் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்து எனக்கே அலுத்துவிட்டது.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். என்னைப் பெற்ற அத்தா சவூதியில் இருந்துகொண்டே ஒவ்வொரு அறையாகக் கட்டிய இந்த வீட்டை, என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் பேருக்கு எழுதிவைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால், கொடுத்துவைத்த பெண்கள் என்பார்கள். பத்திரத்தில் என் பேர் இருந்தது, சாவிக்கொத்து அம்மாவின் இடுப்பில் இருந்தது. கல்யாணம் ஆனால் வேறு வீடு, வேறு மனிதர்கள், குறைந்தது வேறு ஜன்னலாவது கிடைக்கும் என்று மற்ற ஊர்ப் பெண்களுக்கு ஒரு நப்பாசை இருக்குமே, அது எங்களுக்கு இல்லை. நான் பிறந்து, அம்மை போட்டுப் படுத்து, பரீட்சைக்குப் படித்த அதே அறையில்தான் எனக்குக் கட்டில் போட்டார்கள்.

மாப்பிள்ளைகள் பெரும்பாலும் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர்கள். பாட்டனார் காலத்தில் பினாங்கு, அத்தா காலத்தில் சவூதி, எங்கள் காலத்தில் துபாயும் ஷார்ஜாவும். ஐம்பது நாள் லீவில் வருவார்கள். நிக்காஹ் முடித்து, வீடுவீடாக விருந்து தின்று, இடுப்பு பெருத்து விமானம் ஏறிவிடுவார்கள். மிச்சம் இருப்பது பெண்களும் போனும்.

நான் கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன். தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்து படித்த மூன்று வருஷம்தான் நான் வேறு ஜன்னல் வழியாகப் பார்த்த வருஷங்கள். பி.எட். முடித்து டீச்சராக வேண்டும் என்பது என் ஆசை. சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் அக்காவிடம், அம்மா கண்ணாலேயே அடக்கியதையும் மீறிக் கேட்டுவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: "படிக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான்." அந்த மூன்று வார்த்தைக்குத்தான் நான் சம்மதித்தேன். அவர் உயரமா குட்டையா என்றுகூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

கல்யாணமாகி இருபது நாள் இருக்கும். கொடியில் கிடக்கும் அரக்குச் சிவப்புத் துப்பட்டாவை எடுத்து வரச் சொன்னேன். பச்சையை எடுத்து வந்தார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "செவப்பு மச்சான், செவப்பு!" என்று திருப்பி அனுப்பினேன். இன்னொரு பச்சையைக் கொண்டு வந்தார். மூன்றாம் தடவை வெறுங்கையோடு வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுதான் புள்ள. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்" என்றார்.

அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாம் சொன்னார். சிக்னலில் மேல் விளக்கு எரிகிறதா கீழ் விளக்கா என்று பார்த்துத்தான் ரோடு கடப்பாராம். ஷார்ஜாவில் அவருக்குக் கார் சக்கரக் கடையில் வேலை. பணக்காரர்கள் தங்கள் ஸ்போர்ட்ஸ் கார் சக்கரங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பழைய பூச்சைச் சுரண்டி, கீறலை அடைத்து, புதுப் பூச்சு அடித்து, உலையில் வேகவைத்துத் திருப்பிக் கொடுப்பது தொழில். அவர் லேத் மிஷினில் நிற்பவர். சக்கரத்தின் முகத்தைச் சீவி எடுக்கும் வேலைக்கு விரல் போதும், நிறம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறலை விரலால் கண்டுபிடிப்பார் என்று கடையில் அவருக்குப் பேர்.

"நிக்காஹ்வுக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

ஒத்துக்கொண்டிருப்பேன். சிவப்பு தெரியாததற்காகவா ஒரு மனிதனை வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்த நேரத்துக் கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். "ஒங்கம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. ஊர்ல குருட்டு மாப்ளைம்பாங்க." கொடுத்தேன். இந்த வீட்டில் எனக்குப் போட்ட முதல் தாழ்ப்பாள் அதுதான். அதை நானே போட்டுக்கொண்டேன்.

அவர் போய் ஒரு மாதத்தில் அந்தக் கடைக் கவுண்டரில் இருந்தவர் ஊரோடு போய்விட்டார். அரபி, இந்தி, மலையாளம் எல்லாம் சரளமாகப் பேசுகிற ஆள் என்று என் வீட்டுக்காரரை முதலாளி கவுண்டரில் உட்கார வைத்தார். குளிர் அறை, இஸ்திரி போட்ட சட்டை, கூடுதல் சம்பளம், எல்லாம் வந்தது. வேலை என்னவென்றால், காரோடு வருகிறவருக்கு நிறம் எடுத்துச் சொல்வது. அல்லாஹ்வின் விளையாட்டைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஏன் வேண்டாம் என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வார்?

கவுண்டரில் உட்கார்ந்த முதல் நாள், இங்கே பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. அங்கே அப்போதுதான் பத்து, கடை திறக்கிற நேரம். "ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன். காரு என்ன கலரு, பக்கத்துல சாம்பிளுக்கு நாலு தகடு இருக்கு பாரு, அதுங்க என்ன கலரு, இந்தக் காருக்கு எது எடுப்பா இருக்கும், மூணையும் சட்டுன்னு சொல்லு" என்றார். கிசுகிசுப்பான குரல். கழிவறைக்குள் நின்று பேசியிருக்கிறார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நான் சொல்லச் சொல்ல வாடிக்கையாளரிடம் அதையே அரபியில் ஒப்பிக்கும் சாமர்த்தியம் பிறகுதான் வந்தது.

அந்த ஜூலையில் பி.எட். சேர்க்கை. மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு காலேஜில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. காலேஜுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று விதி.

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க புள்ள. நான் தகட்டுக்குத் தகடு அடையாளம் வெச்சுப் பழகிக்கிறேன். அடுத்த வருஷம் நீ கண்டிப்பா சேரலாம்" என்றார். நான் சேரவில்லை. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அடையாளம் வைத்துப் பழகுகிற தொழிலா அது? கடையில் இருக்கிற நிறத்தை எடுத்து அடிப்பது என்றால் டப்பா நம்பரை மனப்பாடம் பண்ணிவிடலாம். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு அது போதாது. பக்கத்து வீட்டுக்காரன் காரில் இல்லாத நிறமாக இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு காருக்கும் புதிதாகச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, நாலு சின்னத் தகட்டில் அடித்துக் காய வைத்து, ஒன்று இரண்டு என்று எழுதி வரிசையாக வைப்பார்கள். இன்றைய ஒன்று நாளைய ஒன்று அல்ல.

நானும் கற்றுக்கொண்டேன், வேறு வழி? பளபளக் கறுப்பு அடித்தால் முதல் நாள் ஜோராக இருக்கும், மணல் காற்று அடிக்கிற ஊரில் இரண்டாம் நாளே தூசி வரி வரியாகத் தெரியும். பளபளப்பே இல்லாத மேட் கறுப்பு என்றால் சக்கரமே இருப்பது தெரியாமல் டயரோடு டயராகப் போய்விடும். டைமண்ட் கட் என்று ஒன்று, உள்ளே கறுப்பு அடித்து முகத்தை மட்டும் லேத்தில் சீவி வெள்ளியாகப் பளிச்சிட வைப்பது, அது நீலக் காருக்கு அள்ளிக்கொண்டு போகும். சிவப்புக் காருக்கு வெண்கல நிறம் போட்டால் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிடும், ஆகாது. சாம்பல் காருக்கு அதே வெண்கலம் பிரமாதம். "வெண்கலம்னா கொஞ்சம் கறுத்த வெண்கலம் மச்சான், புதுசா வெளக்குன மாதிரி வேணாம்" என்பேன். அவர் அதை அரபியில் எப்படிச் சொன்னாரோ, வாடிக்கையாளர்கள் தலையாட்டினார்கள்.

வீட்டில் இதெல்லாம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புதுப்பெண் மூலையில் திரும்பி நின்று போனில் குசுகுசுக்கிறாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. விருந்தாளிகள் வந்திருக்கும்போதும் ஓடுகிறாள். பக்கத்து வீட்டு மாமிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அம்மா வெளிப்படையாகவே ஆரம்பித்தார்கள்.

"ஒங்கத்தா எனக்கு மாசத்துக்கு ஒரு லட்டர் போட்டாங்க. அதையும் ஒங்க பெரியம்மாதான் படிச்சுக் காட்டுவா. நீ என்னடான்னா அவருக்குச் சோறு எறங்குதான்னு அரை மணிக்கு ஒருக்கா கேக்குற. கொஞ்சமாச்சும் வெட்கம் வேணாமா புள்ள?"

எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். காதலா இது? நாலாம் நம்பர் தகட்டில் நீலம் தூக்கலாக இருக்கிறது என்று சொன்னதைத் தவிர அன்றைக்கு நாங்கள் வேறு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். ஆனால் மறுத்துப் பேசினால் பிறகு என்னதான் பேசுகிறாய் என்று கேட்பார்கள். அதனால் வெட்கப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். மோகம் பிடித்தவள் என்ற பேரோடு அந்த வருஷம் முழுக்க இருந்தேன். கடைத்தெருவுக்குப் போகவில்லை, நாகூருக்கு எல்லோரும் வேன் பிடித்துப் போனபோதும் போகவில்லை. வேனுக்குள் பத்துப் பேர் நடுவில் சக்கர நிறத்தை எப்படிச் சொல்வது?

ஒன்றை மறைக்கக் கூடாது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. இந்த வீட்டில் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதைக்கூட என்னிடம் யாரும் கேட்டதில்லை. அங்கே யாரோ ஒரு ஷேக்கு வீட்டுப் பிள்ளை, நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்கிறான். ஆறு மாதத்தில் கடைக்கே பேர் வந்துவிட்டது. கவுண்டரில் இருக்கிற தமிழனுக்குக் கண் இருக்கிறது, அவனிடம் விட்டுவிடு, அவன் பார்த்துக்கொள்வான் என்று ஒருவர் இன்னொருவரை அனுப்பினார்கள். அவர் இதைச் சிரிப்பும் பயமுமாகச் சொன்னார். பேர் கூடக் கூட ஆட்கள் கூடினார்கள், ஆட்கள் கூடக் கூடப் போன் கூடியது. நான் நன்றாகச் செய்யச் செய்ய எனக்குத்தான் கட்டு இறுகியது.

அப்புறம் அந்தத் தப்பு நடந்தது. எங்கள் வீட்டு முற்றத்துக்கு மழை வராமல் இருக்க அத்தா மேலே பச்சை நிற பைபர் ஷீட் போடச் சொல்லியிருந்தார்கள். பகல் முழுக்க வீட்டுக்குள் ஒரு பச்சை வெளிச்சம் இருக்கும். இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. அன்றைக்குக் கல்யாண அழைப்புக்கு வந்த பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து முற்றத்திலேயே நின்று அவர்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. துப்பாக்கி உலோகம் மாதிரி சுத்தமான சாம்பல் வேண்டும், வேறு சாயல் இருக்கக் கூடாது. இரண்டாம் தகடு என்றேன்.

சக்கரம் நாலும் வெந்து வெளியே வந்தபோது, பாசி பிடித்த குளத்துப்படி மாதிரி இருந்ததாம்.

பச்சைக்குப் பழகிய கண்ணுக்குப் பச்சை தெரியவில்லை, அவ்வளவுதான். உலைச் சூடு கூடிவிட்டது என்று ஏதோ சொல்லி அவர் சமாளித்தார். முதலாளி விடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கவுண்டரில் வேலை இல்லை, பழையபடி லேத்துக்குப் போய்விடு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

அதற்கப்புறம் அவருக்கு உயிரே இல்லை. "வெட்டவெளி வெயில்ல நின்னு பாத்துத்தான் சொல்லணும் புள்ள. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாரு" என்று கெஞ்சினார். வெட்டவெளிக்கு எங்கே போவேன்? தெரு வாசலில் போனோடு நின்றால் அதுவே ஊர்ப் பேச்சாகிவிடும். மொட்டை மாடிக்குப் பகலில் புதுப்பெண் ஏற மாட்டாள், நாலு பக்கமும் அடுத்த வீட்டு மாடிகள். கடைசியில் வடகம் போட ஆரம்பித்தேன். வெங்காய வடகம், கூழ் வடகம், அது முடிந்ததும் மோர்மிளகாய். பதினொன்றரைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போவேன், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தி நிறம் பார்ப்பேன். மேலேயிருந்து பார்த்தால் தெருக்களுக்கு அப்பால் வயல் தெரியும், அதற்கும் அப்பால் மன்னார்குடி ரோட்டில் பஸ் போவது தெரியும். போனைத் தவிர வேறு எங்கும் பார்க்காமல் இருக்கப் பழகினேன். எங்கள் வீட்டில் அந்த வருஷம் தின்று மாளாத அளவுக்கு வடகம் இருந்தது.

அடுத்த ஜூலையும் வந்தது. அம்மா தடை சொல்லவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். "புருஷனே படின்னு சொல்லிருக்காரு, நான் யாரு குறுக்கே விழ?" என்றார்கள். மறுபடி விண்ணப்பித்தேன், மறுபடி அதே காலேஜில் இடம். திங்கட்கிழமைக்குள் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆபீசில் சொன்னார்கள். இந்த வருஷமும் விட்டால் நான் எப்போதும் போக மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளை பிறக்கும், அத்தா ஊரோடு வந்துவிடுவார்கள், ஏதாவது ஒன்று வந்து வாசலை அடைத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை அவர் கூப்பிட்டதும் அவர் வாயைத் திறக்குமுன் சொன்னேன்: "மச்சான், திங்கக்கெழமை சேரணும்."

"எங்க?"

"காலேஜுக்கு."

"எந்தக் காலேஜு?" என்றார்.

பொய்யாகக் கேட்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார். அதுதான் என்னை என்னவோ செய்தது. பிடிவாதம் பிடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அம்மாவை நடுவில் கூப்பிட்டிருப்பேன். மறந்தே போன மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? நான் பதில் சொல்வதற்குள், "அத அப்பறம் பேசுவோம் புள்ள, கடையில ஆளு நிக்கிது. போட்டோ அனுப்பிட்டேன், சீக்கிரம் பாரு" என்றார்.

மோர்மிளகாய்த் தட்டோடு மாடிக்குப் போனேன். ஒரு மேகம்கூட இல்லாத வெயில். வெள்ளை நிறத்தில் தாழ்வான கார், இரண்டே கதவு, பாய்வதற்குக் குனிந்து நிற்கிற தோரணை. அடுத்த வாரம் அந்தக் காரில்தான் மாப்பிள்ளையாகப் போகப் போகிறானாம் ஒரு பையன். மென்மையான புகைச் சாம்பல் வேண்டும் என்று சொல்லிவிட்டு, தகட்டைக்கூடப் பார்க்காமல், உன் பேரைக் கேட்டுத்தான் வந்தேன், நீயே பார்த்து அடித்துவிடு என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

நாலு தகடு. மூன்றாவதுதான் புகைச் சாம்பல், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இரண்டு கொஞ்சம் கறுப்பு, நாலு கொஞ்சம் நீலம். ஒன்றாம் தகட்டில் சிவப்பு இரண்டு சொட்டுக் கூடிப் போயிருந்தது. பார்த்தவுடன் யாருக்கும் தெரியும், பிறந்த குழந்தைக்கு வாங்குகிற சட்டை மாதிரி ரோஸ். அவருக்கு மட்டும் அது சாம்பல்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று இப்போது சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி இல்லை. கணக்குப் படித்தவள், கணக்குப் போட்டேன். வேலை போகாது. லேத் இருக்கிறது, அதில் அவருக்கு இணை இல்லை. கவுண்டர் மட்டும் போகும், கவுண்டரோடு பதினொன்றரை மணியும் போகும். அவருக்கு அவமானம் வரும். அது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

"ஒண்ணு" என்றேன்.

"நல்லா வெயில்ல பாத்தியா?"

"பாத்தேன் மச்சான். ஒண்ணுதான்."

"சரி" என்றார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நான் மிளகாயைப் பரப்பிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். மத்தியானம் சோறு இறங்கியது, நன்றாகவே இறங்கியது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுது முடித்தபோது போன் வந்தது. அந்த நேரத்தில் வழக்கமாக வராது. எடுத்ததும் பின்னால் லேத் மிஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"ரோஸ் கலராம் புள்ள" என்றார். "நேத்து சாயந்தரம் மாப்ளப் பையன் வந்து பாத்துட்டு அப்படியே நின்னான். கடையில அத்தனை பேரும் சிரிச்சாங்க. மொதலாளி என்னைக் காரு பக்கத்துல நிக்க வெச்சு, இது என்ன கலரு சொல்லு, இது என்ன கலரு சொல்லுன்னு ஒவ்வொரு சாமானாக் காட்டிக் கேட்டாரு. தெரிஞ்சு போச்சு எல்லாருக்கும்."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே பேசினார்.

"ஒம்மேல தப்பு இல்ல. நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. தகட்டை அடுக்கி வெக்கறப்ப நாந்தான் மாத்தி வெச்சிருக்கேன், நம்பர் எழுதுறப்ப அவசரம். ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சுப் பாத்தேன், வேற எப்படியும் வர வழியில்ல. போவுது வுடு. இனிமே ஒனக்கும் இந்தத் தொல்லை இல்ல பாரு. நாளைக்குத்தானே காலேஜுன்னு சொன்ன? போயிட்டு வா."

"கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா மச்சான்?" என்றேன்.

ஆமாம், அதைத்தான் சொன்னேன். "இருந்திருக்கணும்" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். படித்தேன், டீச்சரானேன், நாலு வருஷம் கழித்து அவரும் ஊரோடு வந்துவிட்டார். இப்போது பட்டுக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், நன்றாக ஓடுகிறது. தன் கண்ணைப் பற்றி இப்போது அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. விருந்தாளிகள் வந்தால் மாப்பிள்ளைப் பையனின் ரோஸ் சக்கரக் கதையை அவரே எடுத்துவிடுவார், அந்தப் பையன் நின்ற மாதிரியே எழுந்து நின்று காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் கையைக் காட்டி, "இவ சரியாத்தான் சொன்னா, அவசரப்பட்டது நான்" என்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் டீயை நீட்டியபடி ஆமாம் என்று தலையாட்டுவேன்.